மணல்மேட்டில் பலகை ஏன் பாதிச் சரிவில் நிற்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறையில் கணவர், 13 வயது மகன், 8 வயது மகளோடு சிங்கப்பூரிலிருந்து துபாய் போகிறீர்கள். பாலைவனத்தில் சாண்ட்போர்டிங், அதாவது மணல்மேட்டில் பலகையில் சறுக்கி இறங்குவது, செய்ய ஆசை. போன ஆண்டு வியட்நாமின் முய் நேயில் முயன்றபோது பலகை பாதிச் சரிவில் நின்றுவிட்டது. எழுந்து அதைத் தள்ளப் போய்க் குப்புற விழுந்தீர்கள். "என் எடை காரணமா, பயந்து உடம்பை இறுக்கிக்கொண்டது காரணமா? சொந்தப் பலகை வாங்கிப் போகலாமா? போகுமுன் இங்கேயே பழக வழி உண்டா?" என்று மூன்று கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இது என்னால் ஆகிற காரியமா இல்லையா என்பது. ஆகும். முய் நேயில் நடந்ததற்கு நீங்கள் காரணமில்லை, அதை முதலில் மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

எடை விஷயத்தில் உறுதியாகச் சொல்லலாம். சரிவில் உங்களைக் கீழே இழுக்கும் விசையும் எடைக்கு ஏற்பக் கூடும், மணலின் உராய்வும் எடைக்கு ஏற்பக் கூடும். இரண்டும் சேர்ந்தே கூடுவதால் 50 கிலோ உள்ளவரும் 85 கிலோ உள்ளவரும் ஒரே சரிவில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சறுக்குவார்கள். எடை குறுக்கிடுவது ஓர் இடத்தில் மட்டும்: பலகை சிறியதாகவும் மணல் பொலபொலவென்றும் இருந்தால் கனமானவர் கொஞ்சம் கூடுதலாக அமிழ்வார், முன்விளிம்பு மணலைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்குத் தீர்வு நீளமும் அகலமும் கூடிய பலகை. இளைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று எண்ண வேண்டாம்.

பலகை நிற்பதற்கு உண்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று சரிவின் கோணம், மற்றது பலகையின் அடிப்பாகம். பனியில் பலகையின் உரசலால் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி வழுக்கிக்கொடுக்கும். மணலில் அந்த உதவி கிடையாது. காய்ந்த மணி மணியான மணல், அதன் மேல் பலகை, அவ்வளவுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நன்றாக மெழுகு தேய்த்த பலகைக்கும் மணலுக்கும் உராய்வுக் கெழு (உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண், அது கூடினால் மணல் பலகையைக் கூடுதலாகப் பிடிக்கும்) 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி சரிவில் 20 மீட்டர் சறுக்கினால் அடிவாரத்தில் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் அளவில் இருக்கும். காற்றுத்தடையைக் கணக்கில் சேர்க்கவில்லை. மெழுகு தேய்ந்து கெழு 0.55 ஆகிவிட்டால் அதே சரிவு, அதே ஆள், வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர்தான். பாதிக்கும் கீழே போய்விட்டது. இனி மெழுகு நன்றாகவே இருக்கிறது, சரிவு மட்டும் 24 டிகிரிக்குக் கீழ் என்றால்? பலகை நகரவே நகராது. உந்திவிட்டாலும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். 0.45, 0.55 என்பவை விளக்கத்துக்கு எடுத்துக்கொண்ட எண்கள். மணலுக்கு மணல், பலகைக்குப் பலகை அவை மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. கோணத்தில் ஐந்தாறு டிகிரியும் மெழுகில் கொஞ்சமும்தான் "பறந்தேன்" என்பதற்கும் "நின்றுவிட்டது" என்பதற்கும் இடையே உள்ள தூரம். உடம்பை இறுக்கியதெல்லாம் இதற்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை.

சரியான சரிவை எப்படிக் கண்டுபிடிப்பது? காற்று கட்டிய மணல்மேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. காற்று வந்து மோதும் பக்கம் நீளமாக, சாய்வு குறைந்து, 10 முதல் 15 டிகிரியில் கெட்டியாக இருக்கும். உச்சியைத் தாண்டி விழும் மணல் குவிகிற மறுபக்கம் செங்குத்தாக, 30 முதல் 34 டிகிரியில் இருக்கும். காய்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வே அதுதான், ஓய்வுக் கோணம் என்பார்கள். உங்களுக்கு வேண்டியது இந்த மறுபக்கம். உச்சியில் நின்று குதிகாலால் மணலை ஓர் எத்து எத்திப் பாருங்கள். அந்த இடத்திலிருந்து மணல் நாக்குப் போல நீண்டு, இரண்டு மூன்று மீட்டர் தானாக வழிந்து ஓடினால் சரிவு சரியாக இருக்கிறது. எத்திய இடம் குழியாக அப்படியே நின்றால் சாய்வு போதாது, அல்லது மணல் ஈரம். கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலி இருந்தால் பலகையைச் சரிவில் கிடத்தி அதன் மேல் வைத்து அளக்கலாம். 28 முதல் 33 வரை காட்டினால் இறங்கலாம். கண்ணை நம்பாதீர்கள். மேலிருந்து பார்க்கிறவருக்கு 20 டிகிரியே மலைச்சரிவு போலத் தெரியும்.

முய் நேயில் என்ன நடந்திருக்கும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். அங்கே செம்மணல் மேட்டில் பெரும்பாலும் வாடகைக்குக் கிடைப்பது மெல்லிய பிளாஸ்டிக் தகடு. பலர் ஏறி இறங்கி அடிப்பாகம் கீறிக் கீறி, மேலே கையை ஓட்டினாலே நார்நாராகத் தட்டுப்படும். மெழுகு தேய்ப்பவர் இருக்கமாட்டார். மேட்டின் பல இடங்கள் சாய்வு குறைந்தவை. இந்த மூன்றும் சேர்ந்தால் பந்தய வீரரே வந்தாலும் பாதியில் நிற்பார். பிறகு நீங்கள் விழுந்தது எடை முன்னால் போனதால். நின்ற பலகையில் எழுந்து தள்ளும்போது உடம்பின் பாரம் முன்பக்கம் சாயும், முன்நுனி மணலில் குத்தும், பலகை நிற்க உடம்பு மட்டும் போகும். பாதியில் நின்றால் தள்ளவே தள்ளாதீர்கள். பக்கவாட்டில் இறங்கி, பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வாருங்கள். (அந்தச் சிவப்பு இரும்புத் துருவின் நிறம். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு முய் நே அந்நியமாகத் தோன்றாது.)

மெழுகு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணக் குழுக்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். சாண்ட்போர்டுக்கென்று கட்டி மெழுகு விற்கிறார்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வாசனையும் நிறமும் சேர்க்காத சாதாரண வெள்ளை பாரபின் மெழுகுவத்தி போதும், சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்து மளிகைக் கடையிலேயே வாங்கலாம். வாசனை மெழுகுவத்திகளில் வரும் சோயா மெழுகு மிகவும் மென்மை, வேண்டாம். முதலில் காய்ந்த துணியால் பலகையின் அடியில் ஒரு மணலும் ஒட்டாமல் துடையுங்கள். பிறகு மெழுகுவத்தியைப் படுக்கைவாட்டில் பிடித்து, முன்நுனியிலிருந்து பின்நுனி வரை ஒரே திசையில் அழுத்தித் தேயுங்கள். முன்நுனி வளைவிலும், உட்காரும் அல்லது நிற்கும் இடத்துக்கு நேர் அடியிலும் இன்னொரு முறை தேயுங்கள். உராய்வு அதிகம் படுவது அங்கேதான். வெள்ளைப் படலம் சீராகத் தெரிந்ததும் துணியாலோ உள்ளங்கையாலோ தேய்த்து மழமழப்பாக்குங்கள். கட்டி கட்டியாக விட்டால் ஒவ்வொரு கட்டியும் மணலைப் பிடித்துக்கொண்டு பலகையை உப்புத்தாள் ஆக்கிவிடும். முதல் இறக்கம் சற்று மந்தமாக இருக்கலாம், மெழுகு படிவது அதில்தான். அதன்பின் ஒவ்வோர் இறக்கத்துக்கும், மிஞ்சினால் இரண்டு இறக்கத்துக்கும், ஒருமுறை மீண்டும் தேய்க்க வேண்டும். நால்வருக்கு இரண்டு மூன்று தடித்த மெழுகுவத்திகள் தாராளம்.

மெழுகுக்கு எதிரி வெயில். பாரபின் உருகத் தொடங்குவது ஏறக்குறைய 46 டிகிரி செல்சியஸிலிருந்து 68 டிகிரிக்குள், வகையைப் பொறுத்து. கோடை நண்பகலில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். தேய்த்த பலகையை அப்படியே மணலில் கிடத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் மெழுகு இளகி மணலை வாரிக்கொண்டிருக்கும். டிசம்பரில் துபாயில் பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் பலகையை நிழலில், பக்கவிளிம்பில் நிறுத்தி வைக்கும் பழக்கம் நல்லது. சரிவின் உச்சியில் வைப்பதானால் கவிழ்த்துப் போட்டு, கால்பட்டை மணலில் புதையும்படி வையுங்கள். மெழுகிட்ட பலகை ஆளில்லாமல் இறங்கிக் கீழே நிற்கும் பிள்ளையின் முழங்காலில் மோதுவது அடிக்கடி நடப்பது.

ஈர மணல் நல்லதா கெட்டதா என்பதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மணலில் சரியான அளவு ஈரம் இருந்தால் அதன் மேல் வண்டிப்பலகையை இழுக்கத் தேவைப்படும் விசை ஏறக்குறைய பாதியாகிறது என்று அளந்து காட்டினார்கள். பழைய எகிப்தியச் சுவரோவியம் ஒன்றில், பெரிய சிலையை இழுத்துச் செல்லும் பலகைக்கு முன்னால் ஒருவர் தண்ணீர் ஊற்றும் காட்சியை அதோடு பொருத்திப் பேசினார்கள். அதைப் படித்துவிட்டு "மழை பெய்த மறுநாள் போனால் வேகம் கூடும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனை சமதளத்தில், அளந்து ஊற்றிய ஈரத்தில் நடந்தது. மேட்டில் ஈரம் ஒரே சீராக இருக்காது. மேல்தோல் காய்ந்திருக்க அடியில் நனைந்திருக்கும், மெழுகில் ஈரமணல் அப்பிக்கொள்ளும், விழுந்தால் அடியும் பலமாகப் படும். ஆகவே பொழுதுபோக்காகப் போகிறவருக்கு நடைமுறை விதி: காய்ந்த மணலில் மட்டும் இறங்குங்கள். துபாய்ப் பக்கத்தில் டிசம்பர், ஜனவரி காலைகளில் மூடுபனி இறங்குவதுண்டு. அன்று மணலை ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் வெயில் ஏறும்வரை பொறுங்கள், விரலிடுக்கில் வழிந்தால் போகலாம்.

துபாய்க்குப் போகும் பெரும்பாலான குடும்பங்கள் பிற்பகல் மூன்று மணி வாக்கில் கிளம்பும் பாலைவன சஃபாரியில் சேர்ந்துவிடுவார்கள். மணல்மேடுகளில் ஜீப் ஓட்டம், ஒட்டகச் சவாரி, சாப்பாடு, நடனம், நடுவே சாண்ட்போர்டிங் என்று பட்டியலில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி பல நேரம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஒரு வண்டிக்கு ஒரு பழைய பலகை, முகாமுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டிய சிறுமேடு. டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பிள்ளைகளுக்கு முறை வருவதற்குள் இருட்டிவிடும். உங்கள் நோக்கம் சாண்ட்போர்டிங் என்றால் அதற்கென்றே இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கும் காலைப் பயணம் ஒன்றை எடுங்கள். பதிவு செய்யுமுன் நான்கு கேள்வி கேளுங்கள்: மேடு எத்தனை மீட்டர், நால்வருக்கு எத்தனை பலகை, மெழுகு தருவீர்களா, தலைக்கவசம் உண்டா. பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். காலைப் பயணம் என்றதும் பிள்ளைகள் எழுவார்களா என்று யோசிக்க வேண்டாம். துபாய் நேரம் நமக்கு நான்கு மணி பின்னால், நம் ஊர் காலை பத்து மணிக்கு அங்கே ஆறுதான். முதல் இரண்டு நாள் அவர்கள்தான் உங்களை எழுப்புவார்கள். காலை வெளிச்சத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. சாய்வான ஒளியில் சரிவிலுள்ள மேடுபள்ளங்களுக்கு நிழல் விழும், கண்ணுக்குத் தெரியும். நண்பகலில் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரிந்து, திட்டு இருப்பது தூக்கிப்போட்ட பிறகுதான் தெரியவரும்.

இனி சறுக்கும் முறை. நால்வருமே முதலில் உட்கார்ந்துதான் இறங்க வேண்டும், 13 வயதுக்காரர் எவ்வளவு அடம்பிடித்தாலும். பலகையின் பின்பாதியில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, பாதங்களைப் பலகை மேலேயே வைத்து, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். முன்நுனி மணலுக்கு மேல் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு கையும் பின்பக்கம் மணலைத் தொட்டபடி வரட்டும். இடக்கையை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும், வலக்கையை அழுத்தினால் வலப்பக்கம். வேகம் மிரட்டினால் இரண்டு குதிகாலையும் மெதுவாக இறக்குங்கள், பட்டென்று குத்தாதீர்கள். எப்போதும் சரிவுக்கு நேர் கீழாகவே இறங்குங்கள். "குறுக்காகப் போனால் மெதுவாகப் போகும்" என்று தோன்றும். ஆனால் மணலில் கீழ்ப்பக்க விளிம்பு புதைந்து பலகை உருட்டிவிடும். அடிவாரத்தில் 30 டிகிரி சட்டென்று சமதளமாகும் மடிப்பு ஒன்று இருக்கும். முன்நுனி குத்துவது பெரும்பாலும் அங்கேதான். அதற்கு ஒரு பலகை நீளம் முன்பே உடம்பை இன்னும் பின்னால் சாய்த்துவிடுங்கள். வாயை மூடிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். கத்தினால் மணல் உள்ளே போகும்.

வயிற்றில் படுத்துத் தலை முன்னால் வைத்து இறங்குவது இன்னொரு முறை. நமீபியாவின் சுவகோப்முண்டில் மெழுகிட்ட ஹார்ட்போர்டில் படுத்து இறங்குகிறவர்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகிறார்கள். முன்விளிம்பைக் கையால் தூக்கிப் பிடிப்பது, முழங்கையை மணலில் படாமல் உயர்த்துவது, காலை அகட்டி விரல்நுனியால் வேகத்தைக் குறைப்பது என்று செய்முறை எளியது. ஆனால் மோதினால் முதலில் மோதுவது தலை. அடிவாரம் ஒருமுறை நடந்து பார்த்த இடமாக, கல்லோ செடியோ இல்லாததாக இருந்தால் மட்டும், தலைக்கவசத்தோடு பாருங்கள். 8 வயது மகளுக்கு உட்கார்ந்த நிலையே போதும், அதில் அவளுக்கு ஒரு குறையும் இருக்காது.

நின்று சறுக்குவது நான்கைந்து முறை உட்கார்ந்து இறங்கிய பிறகு. எந்தக் கால் முன்னால் என்று தெரியாவிட்டால், சாதாரணமாக நிற்கும்போது கணவரைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தடுமாறி எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறீர்களோ அதுவே முன்கால். தோள் அகலத்துக்குக் கால் வைத்து, முழங்காலைத் தளர்த்தி மடக்கி, பார்வையை அடிவாரத்தில் வையுங்கள். கால்விரலைப் பார்த்தால் உடம்பு முன்னால் கவிழும். எடையை எங்கே வைப்பது என்பதில் பயிற்றுநர்கள் வேறுபடுவார்கள். பனிச்சறுக்கிலிருந்து வந்தவர்கள் நடுவில் என்பார்கள், மணலில் பழகியவர்கள் பின்காலில் என்பார்கள். இது பலகையைப் பொறுத்தது. முன்நுனி நன்றாக மேல்வளைந்த விறைப்பான பலகையில் நடுவில் நிற்கலாம். வாடகைக்கு வரும் தட்டையான பலகையில் பத்தில் ஆறு பங்கு பின்காலில் இருக்கட்டும். உங்களுக்குக் கிடைக்கப்போவது இரண்டாவது வகையாகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். திரும்புவதையெல்லாம் முதல் நாளில் விட்டுவிடுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் பின்பக்கமாக உட்கார்ந்துவிடுவதே வழி. விழும்போது கையை ஊன்றாதீர்கள், மணிக்கட்டு முறிவது அதில்தான். விரல்களை மடக்கிக் கைகளை மார்போடு சேர்த்து, பிட்டமும் தோளும் மணலில் படும்படி விழுங்கள்.

காயங்களில் பெரியவை மூன்று வழியாக வருகின்றன. கீழே வண்டி வந்து மோதுவது முதலாவது. மேட்டின் மறுபக்கம் ஏறிவரும் குவாட் பைக்குக்கு உச்சியைத் தாண்டும்வரை நீங்கள் தெரியமாட்டீர்கள். அதனால் வண்டி ஓடும் இடத்தில் சறுக்கக் கூடாது. வேறு இடமே இல்லையென்றால் ஒருவர் உச்சியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கைகாட்டிய பிறகே இறங்க வேண்டும். இரண்டாவது, முன்னே போனவர் எழுந்து விலகுமுன் அடுத்தவர் இறங்குவது. மூன்றாவது பெற்றோர் பாசத்தில் செய்யும் தவறு: பிள்ளையை மடியில் வைத்து இறங்குவது. பிள்ளையின் கால் பக்கவாட்டில் மாட்டினால் பெரியவரின் எடை முழுவதும் அந்தக் காலைத் திருகும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சறுக்குமரத்தில்கூட இப்படித்தான் சிறுபிள்ளைகளுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிகிறது. ஒரு பலகைக்கு ஒரே ஆள். முதுகுத்தண்டில் வட்டுப் பிரச்சினை, எலும்புத் தேய்வு, கர்ப்பம் இருந்தால் இறங்குவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், இங்கே எழுதுகிறவர் சொல்லக் கூடாது. பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் சாண்ட்போர்டிங் அதில் அடங்குமா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள்.

சிங்கப்பூர் வெக்கையில் வாழ்கிற நமக்குப் பாலைவனம் ஏமாற்று வேலை செய்யும். இங்கே வியர்த்தால் சட்டை ஒட்டும், தெரியும். அங்கே வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், தோல் உலர்ந்தே இருக்கும், தாகம் தெரியவே நேரமாகும். கால் மணிக்கு ஒரு முறை ஒரு குவளை தண்ணீர் என்று கணக்கு வைத்துக் குடியுங்கள். அதற்காக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் ஊற்றிக்கொள்வதும் தவறு, உடம்பின் உப்பு நீர்த்துப்போகும். பிள்ளைகளுக்கு அளவு இன்னும் குறைவு. கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளை (காண்டாக்ட் லென்ஸ்) கழற்றிவிட்டு, பக்கம் மூடிய கண்ணாடி போடுங்கள். கண்ணில் மணல் விழுந்தால் கசக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காலுக்கு முழங்கால்வரை வரும் கால்பந்துக் காலுறை நல்லது. செருப்பு வேண்டாம். கைப்பேசியை ஸிப் பையில் போடுங்கள். சார்ஜர் துளைக்குள் போன மணலை ஊசியால் கிண்டாதீர்கள், தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள்.

சொந்தப் பலகை? வேண்டாம். நல்ல சாண்ட்போர்டின் அடிப்பாகம் சமையலறை மேடையில் ஒட்டுவது போன்ற கெட்டியான லேமினேட், மணல் அதை எளிதில் கீறாது. பனிச்சறுக்குப் பலகையான ஸ்நோபோர்டின் அடி மென்மையான பாலிஎத்திலீன், மணலில் சீக்கிரம் கீறிப்போகும். மலிவு என்று பழைய ஸ்நோபோர்டு வாங்கினால் முய் நே கதைதான் திரும்பும். சரியானதை வாங்கினாலோ, விமானத்தில் பெரிய சாமானாகக் கட்டணம் கட்டி, வீட்டில் ஆண்டு முழுதும் கட்டிலடியில் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போகிறவராக ஆனபிறகு யோசியுங்கள். அந்தப் பணத்தில் நால்வருக்கும் அளவான தலைக்கவசமும் கண்ணாடியும் வாங்கி இங்கிருந்தே எடுத்துப் போங்கள். அங்கே தருகிறவை சிறுபிள்ளைத் தலைக்குப் பொருந்துவது அரிது.

இங்கே பழக முடியுமா என்றால், சறுக்கப் பழக முடியாது, சிங்கப்பூரில் அதற்கேற்ற மேடே இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் சரிவு போதாது, கட்டுமான மணல் குவியல்கள் வேலிக்குள் இருப்பவை, இடிந்து விழக்கூடியவை. ஆனால் உங்களைக் களைப்பாக்கப் போவது சறுக்குவதைவிட ஏறுவதுதான், அதற்கு இங்கேயே தயாராகலாம். 20 மீட்டர் நீளச் சரிவுக்கு உயரம் 10 மீட்டர், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் மூன்றரை மாடி. பத்து முறை இறங்க முப்பத்தைந்து மாடி ஏற வேண்டும். மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். ஆக ஏறக்குறைய எழுபது மாடிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதிருந்தே வாரத்தில் மூன்று நாள் பத்துப் பன்னிரண்டு மாடி ஏறி, மின்தூக்கியில் இறங்குங்கள். மேட்டிலும் சறுக்கிய முகத்திலேயே திரும்ப ஏறாதீர்கள், ஓரடி வைத்தால் அரையடி வழுக்கும், அடுத்தவர் இறங்கும் பாதையும் கெடும். பக்கத்து முகட்டிலோ காற்று மோதும் கெட்டிப் பக்கத்திலோ சுற்றி ஏறுங்கள். நின்று சறுக்க ஆசைப்படும் மகன் ஈஸ்ட் கோஸ்ட் ஸ்கேட் பூங்காவில் சில சனிக்கிழமைகள் ஸ்கேட்போர்டு பழகினால் முழங்கால் மடக்கும் பழக்கம் வந்துவிடும்.

துபாய்க்கு முன்னாலோ பின்னாலோ பக்கத்தில் ஒருமுறை பார்க்க விரும்பினால், இந்தோனேசியத் தீவான பிந்தானின் பூசுங் மணல்வெளியை நம்பிப் போகாதீர்கள். அது மணல் தோண்டிய இடத்தின் மிச்சம், காற்று கட்டிய மேடு இல்லை. படம் எடுக்க அழகான இடம், அவ்வளவே. ஜாவாவின் யோக்யகார்த்தாவுக்குத் தெற்கே பராங்த்ரீத்திஸ் கடற்கரையை ஒட்டிய குமுக் பாசிர்தான் காற்று கட்டிய உண்மையான மணல்மேடு. பாசிர் என்றால் மலாயில் மணல், சிங்கப்பூரில் பாசிர் ரிஸ், பாசிர் பாஞ்சாங் என்று நாம் தினமும் சொல்லும் அதே பாசிர். மெராப்பி எரிமலை கக்கியது ஆற்றோடு கடலுக்குப் போய்க் காற்றில் திரும்பி வந்த கருஞ்சாம்பல் மணல். மேடுகள் சிறியவை, பலகையும் மெழுகும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். நிறம் கருமையானதால் வெயிலில் சீக்கிரம் சுடும், ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். அங்கே வறண்ட பருவம் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை என்பதால் நம் ஜூன் விடுமுறைக்குப் பொருந்தும். துபாய்க்கு ஜூன் ஆகாது, 40 டிகிரியைத் தாண்டும். முய் நேக்கு வறண்ட காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மறுபடி போனால் ஒரு வெள்ளை மெழுகுவத்தியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், தகட்டைத் துடைத்துத் தேயுங்கள், உச்சியில் குதிகாலால் எத்திப் பார்த்து மணல் வழிகிற இடத்தைத் தேடி உட்காருங்கள். அதே பிளாஸ்டிக் தகடே இந்த முறை அடிவாரம் வரை போகும்.